இடைவெளி இருப்பின் விளக்கவும்

செவ்வாய்க்கிழமை மாலை.
போர்ட்டோவில் மழை, வேறென்ன.
மருந்துக்கடையின் மாடி அறையில்
நாற்காலியை வட்டமாகப் போடாதீர்கள் என்கிறாள் செலெஸ்தினா,
வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்தவள்.
இன்றைக்கு யாரும் அழ வேண்டாம்,
எழுதினால் போதும்.

ஆளுக்கொரு படிவம்.
முன்பு பார்த்த வேலை.
பார்க்க விரும்பும் வேலை.
நடுவில் ஒரு கட்டம்:
இடைவெளி இருப்பின் விளக்கவும்.

கட்டத்தின் அகலம் என் கட்டைவிரல்.
என் இடைவெளி ஆறு வருடம்.

ஃபிர்மினோ முதலில் முடித்துவிட்டான்.
ஆபரேஷன் தியேட்டரில் மயக்கமருந்து நர்ஸ்.
அலமாரிச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும்.
நோயாளிக்குப் பாதி, தனக்குப் பாதி.
இனிமேல் பூட்டு ரிப்பேர் செய்யப் போகிறானாம்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
கீழேயிருந்து துடைப்பக்கட்டையால் இடித்தார்கள்.
"சிரிங்க.
எந்தப் பூட்டு எங்கே இளகும்னு
என்னைவிட எவனுக்குத் தெரியும்?"

சுல்மிரா லத்தீன் வாத்தியார்.
இறந்த மொழியில் வினைத்திரிபு சொல்லிக்கொடுத்தவள்
ரொட்டிக்கடையில் இரவு வேலை கேட்டு எழுதியிருக்கிறாள்.
இரவுதான் வேண்டுமாம்.
"ரெண்டு மணிக்குத்தான் அது வந்து கதவைத் தட்டும்.
அப்போ என் ரெண்டு கையும் மாவில் இருக்கணும்.
மாவுக் கையோடு யாரும் தாழ்ப்பாளைத் தொடமாட்டாங்க."

நெலோவுக்கு இருபத்திரண்டு வயது.
முன்பு பார்த்த வேலை: ஒரு கோடு.
விரும்பும் வேலை: இன்னொரு கோடு.
ஏதாவது எழுதேன் என்றாள் செலெஸ்தினா.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தவன்
கடைசியில் எழுதினான்:
சாப்பாட்டு இடைவேளை உள்ள வேலை.
இடைவெளி அல்ல. இடைவேளை.
அவன் படிவத்தில் அது ஒன்றுதான் தெளிவான கையெழுத்து.

நான் லெய்ஷோயிஷ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள்.
நாற்பது மீட்டர் உயரத்தில் குடித்தால்
யாருக்கும் வாடை தெரியாது.
ஒருநாள் ஒரு கண்டெய்னரை நடுவானில் நிறுத்திவிட்டுத்
தூங்கிப்போனேன்.
கீழே பதினொரு பேர்
அண்ணாந்து பார்த்தபடி நின்றார்களாம்.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அப்படிச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நான் சும்மாவா இருந்தேன்?
ஞாயிறு கிடையாது, காய்ச்சல் விடுப்பு கிடையாது.
விடிவதற்குள் எழுந்து ஊரைச் சுற்றினேன்.
செம்புக்கம்பி கிலோ என்ன விலை,
எந்தச் சித்தி இரண்டாம் முறையும் கடன் தருவாள்,
எந்தக் காவலர் எத்தனை மணிக்கு ஷிஃப்ட் மாறுவார்,
எல்லாம் விரல்நுனியில்.
இத்தனை திறமையையும்
எந்தக் கட்டத்தில் போடுவது, செலெஸ்தினா?

தரையில் செய்கிற வேலை என்று எழுதினேன்.
டிராம் தண்டவாளப் பள்ளத்தில் சேரும்
மணலையும் சருகையும் சுரண்டி எடுக்க ஆள் எடுக்கிறார்கள்.
மஞ்சள் மேல்சட்டை தருவார்களாம்.
கட்டத்தில்:
தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது.
எதையும் இணைக்கவில்லை.

டேலியோ போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டான்.
மீன்பிடிப் படகில் சமைத்தவன்.
சூப் கடை வைக்கப் போகிறான்.
படிவத்தின் பின்பக்கம் விலைப்பட்டியல்.
விலாங்குமீன் சூப் நாலு யூரோ,
அடித்து, மூன்றரை,
அதையும் அடித்து, மூன்று.

இன்று அவன் வரவில்லை.
பஸ் லேட்டா இருக்கும், என்கிறான் ஃபிர்மினோ.
அந்த வழியில் பஸ் கிடையாது.

"வேறு நிபந்தனை ஏதாவது?"
என் படிவத்தின் கடைசி வரியைத் தொட்டுக் கேட்கிறாள்.
உண்டு, என்கிறேன்.
நான் அஞ்சு நிமிஷம் தாமதமானாலும்
யாராவது போன் போட்டுத் திட்ட வேண்டும்.
"அது எல்லா வேலையிலும் உண்டம்மா,"
என்றபடி குறித்துக்கொள்கிறாள்.
பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
காலி நாற்காலியைப் பார்க்கிறாள்.
பையிலிருந்து போனை எடுத்து
டேலியோவின் படிவத்தைத் திருப்பி
ஒவ்வொரு எண்ணாக அழுத்துகிறாள்.

மணி போகிறது.
நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்க்கிறோம்.
திட்டின் முதல் சொல்லோடு
வாயைத் திறந்து வைத்திருக்கிறாள்.