நாற்பத்தெட்டாவது குழி

மலாவியில், சில்வா ஏரி வற்றிப்
படகுகள் சேற்றில் விலாவெலும்பு காட்டிக் கிடந்த டிசம்பரில்
சபை மூன்று நாள் உபவாசம் கூறியது,
மழைக்காக.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
ஒரு வேளை உண்பவனிடம்
அந்த ஒரு வேளையையும் கேட்பதற்கு
உபவாசம் என்றா பேர்?
மூப்பர் வைசன் பதில் சொல்லவில்லை.
அவர் இடுப்புவாரில்
ஆணியால் குத்திய புதுத் துளைகள் இரண்டு.

நான் காணிக்கை நிறுப்பவன்.
காசு கண்ணில் படாத ஊரில்
தட்டு ஏந்துவதில்லை, தராசு தூக்குகிறோம்.
கோழிமுட்டை ஒன்று,
உப்புப் பூத்த கருவாடு,
கால் மூட்டை அடுப்புக்கரி,
எதுவானாலும் என் பேரேட்டில் அதற்கொரு வரி.
முள் சொல்வதை எழுதுவேன்.
முகத்தைப் பார்க்க மாட்டேன்.

இரண்டாம் நாள்
எஸ்நாத் நமாரிக்கா வந்தாள்.
இடுப்பில் சுற்றிய சித்தேஞ்சேத் துணியின் முடிச்சை
பல்லால் கடித்து அவிழ்த்தாள்.
மக்காச்சோளம்.
அடுப்புக்கு மேலே எட்டு மாதம் தொங்கிப்
புகை குடித்துக் கறுத்தது.
அந்த வாடை போதும் எனக்கு,
அது விதை.

நாலு கிலோ இருநூறு.
முள் நின்ற பிறகும்
நான் தராசை இறக்கவில்லை.
முகத்தைப் பார்த்துவிட்டேன்.
அவளோ துணியை உதறி,
அதில் ஒட்டியிருந்த ஒரு மணியையும் எடுத்து
மேலே வைத்தாள்.

மழை வந்தால் இவள் எதை ஊன்றுவாள்?
அன்றிரவு
ஊரெல்லாம் முழந்தாளிட்டு மழை கேட்க,
நான் மட்டும் கேட்டேன்:
இன்னும் கொஞ்சம் தாமதியும், ஆண்டவரே.

விடியுமுன் மூட்டையைத் தூக்கிப்போய்
அவள் வாசலில் வைத்தேன்.
திருடன் போல ஓரமாக நடந்து வந்தேன்.
திருட்டுதான்.
யாரிடமிருந்து என்பதில்தான் குழப்பம்.

அன்று மாலையே மூட்டை திரும்பி வந்தது.
மூன்று கிலோ தொள்ளாயிரம்.
"குறைகிறதே" என்றேன்,
வேறு சொல் வாயில் வராமல்.

"கொடுத்தது கொடுத்த இடத்தில் இருந்திருந்தால்
பிள்ளைகள் அழுது தூங்கியிருப்பார்கள்.
கண்ணெதிரே இருந்தது. வறுத்தேன்.
நானும் ஒரு பிடி தின்றேன்,
என் நோன்பும் போயிற்று.
முந்நூறு கிராம்.
உம் பேருக்கு நேரே எழுதும்."

பிறகு குரலைத் தணித்து,
அண்ணனை அழைப்பதுபோல்,
"அச்சிம்வேனே,
அவர் தரமாட்டார் என்று உமக்கு யார் சொன்னது?
அவர் கை நீளுமுன்
உம் கையை நீட்டிவிட்டீரே."

நான் எழுதவில்லை.
அந்தச் சோளம் இரவே மாவானது.
உபவாசம் முடித்த காலையில்
படகுக்காரர் பிள்ளைகள் கஞ்சி குடித்தார்கள்.
புகை வாடை அடிக்கிறதென்று ஒருத்தன் முகம் சுளித்தான்.
சுளித்துக்கொண்டே இன்னொரு கோப்பை கேட்டான்.

ஐந்தாம் இரவு
ஸோம்பா மலைப் பக்கமிருந்து வந்தது.
தகரக் கூரைமேல் முதலில் ஒரு கூழாங்கல்,
பிறகு ஒரு லாரி.
பெண்கள் தெருவில் இறங்கிக் குலவையிட்டார்கள்.
நான் பாயில் உட்கார்ந்து
விரல் மடக்கிக் கொண்டிருந்தேன்.

காலையில் அவள் வயலில் இருந்தாள்.
மண்வெட்டி மட்டும்.
ஓரடிக்கு ஒரு குழி வெட்டினாள்,
காலால் தள்ளி மூடவில்லை,
மூட அதில் ஒன்றுமில்லை.
என்ன ஊன்றுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன்.
நிமிர்ந்து வணக்கம் சொன்னாள்.
அடுத்ததற்குக் குனிந்தாள்.

எண்ணும் பழக்கம் என்னை விடாது.
நாற்பத்தேழு குழிகள்.
என் வீட்டு இரும்புப் பெட்டியில்
பதினொரு கிலோ விதை இருக்கிறது.
அது எந்தப் பேரேட்டிலும் இல்லை.
கால்சட்டைப் பைக்குள் சாவி
நின்ற இடத்திலேயே தொடையில் குத்தியது.

மண்வெட்டி இறங்கியது.
நாற்பத்தெட்டு.