பன்னிரண்டு எண்கள்

லாயாங் லாயாங்கில், ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் கைப்பேசிக் கடை.
டாப்-அப், கண்ணாடி மாற்றுவது, பாஸ்போர்ட் போட்டோ.
அந்த வருடம் ஊசிக்குப் பெயர் பதிந்து தருவதும்.
தலைக்கு இரண்டு வெள்ளி.
வாங்கினேன். இல்லையென்று சொல்லவில்லை.

செம்பனைக் காட்டுப் பூட்ஸோடு வந்து
தரையில் நான் ஒட்டிய மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள்.
"போட்டவனுக்கு ரெண்டு வருசந்தானாம்" என்பார்
லாரி தேவசகாயம், கவசம் தாடையில் தொங்க.
தம்பியைக் குளுவாங்கில் பெட்டியைத் திறக்காமலே புதைத்துவிட்டு வந்த மறுநாள்
ஒன்றும் பேசாமல்
ஐ.சி.யை மேசைமேல் வைத்தார்.

லோகேஸ்வரனுக்குப் பயமெல்லாம் இல்லை.
பாலம் மூடிய நாளிலிருந்து
உட்லண்ட்ஸ் வாடகை அறையில் அவன் துணிமணி பூட்டிக் கிடக்கிறது.
"எதைப் போட்டா சிங்கப்பூர்ல உள்ள விடுவான்க்கா?
அதையே அமுக்குங்க."
அமுக்க அப்படியொரு பொத்தான் இல்லை தம்பி,
வருவதுதான் வரும் என்றேன்.
என் கையில் ஏதோ இருந்து
நான் மறைப்பது மாதிரிப் பார்த்தான்.

பெயர் கேட்கும். போன் நம்பர் கேட்கும்.
பிறகு அடையாள அட்டை எண்:
பன்னிரண்டு.
ஒன்று குறைந்தாலும் கட்டம் சிவக்கும்.

மாசிலாமணி பிறந்தது இதே தோட்டம், மூன்றாம் டிவிஷன்.
பிறந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை. அவ்வளவுதான்.
ஐம்பத்திரண்டு வயது,
அண்ணாந்து குலை வெட்டியே பின்பக்கம் சாய்ந்த கழுத்து.
"சும்மா ஏதாச்சும் நம்பர் போடேன்."
போட்டேன்.
செல்லாது என்றது.
இருவரும் அதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் பெயரைக் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
கீழே, களைக்கு மருந்தடிக்கும் சுமியாத்தி.
பெர்மிட் முடிந்துபோன ஷாஹ்ஜலால், அவன் அறையில் நான்கு பேர்.
மொத்தம் பதினொன்று.
காசு வாங்கவில்லை.
ஏதாவது வந்தால் கூப்பிடுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட்டில் ஒரு வியாழன், மூன்று மணிக்கே மழை இருட்டு,
டேவானிலிருந்து மிஸி நோர்ஹயாத்தி போன் அடித்தார்.
குப்பியில் ஒன்று மிச்சம்.
வர வேண்டியவர் வரவில்லை.
"நம்பர் கேட்க மாட்டேன், பரிமளம். யாரையாவது கூட்டி வா.
இருபது நிமிடம். அப்புறம் கொட்டணும்."

மூன்றாம் டிவிஷனுக்குச் செம்மண் ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர்.
மாசிலாமணி போனை எடுக்கவில்லை.
சுமியாத்தி எடுத்தாள்.
போலீஸ் நிற்குமா என்றாள்.
தெரியாது என்றேன். உண்மையும் அதுதான்.
வைத்துவிட்டாள்.
அந்தப் பக்கத்தில் இன்னும் ஒன்பது பெயர் இருந்தது.

எனக்கு வேறு ஏற்கெனவே தேதி வந்திருந்தது,
மூன்று வாரம் கழித்து, குளுவாங்கில்.

ஷட்டரை இழுத்துவிட்டு
நானே போனேன்.

நம்பர் கேட்க மாட்டேன் என்ற மிஸி
என் அட்டையைப் பார்த்ததும் முகம் தெளிந்து
பன்னிரண்டையும் அழகாக எழுதிக்கொண்டார்.
வலிக்கவில்லை.
இரவு காய்ச்சல் வந்தபோது
வரட்டும் என்றிருந்தது.

பிறகு ஒருநாள் வேனே தோட்டத்துக்கு வந்தது.
அட்டை இல்லாதவர்களும் வரலாம் என்று
ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் சொன்னார்கள்.
என் பதினொன்றில் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.
மற்ற இருவரைப் பற்றி
நான் விசாரிக்கவில்லை.

பாலம் திறந்தது.
லோகேஸ்வரன் சான்றிதழை லேமினேட் செய்துகொண்டு
விடியற்காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தான்.
நாலு நகல் கேட்டான், ஐந்தாகப் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று மாசிலாமணி வந்தார், கையில் புதுப் போன்.
பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றித் தரச் சொன்னார்.
பட்டியல் உருண்டுகொண்டே போனது.
"அட, மழை பெஞ்ச அன்னிக்கு நீ கூப்பிட்டிருக்கியே,
நான் பாக்கவே இல்ல. என்ன விசயம்?"

டாப்-அப் முடியப் போகுதேன்னு சொல்லத்தான், என்றேன்.

"சரி," என்று பாக்கெட்டைத் துழாவினார்.
"பத்து வெள்ளிக்குப் போடு."