பீலியின் மூக்கு

மாசி பிறந்து நாலே நாள்.
கொம்பு விழ இன்னும் காலம் கிடக்கு என்றார்கள்.
பீலிக்கு மாதக் கணக்கு தெரியாது.
விடியுமுன் கதவைப் பிராண்டினாள்.
ஞாயிற்றுக்கிழமை, பிரட்டு இல்லை.
ரொட்டியும் சம்பலும் கடுதாசியில் சுற்றி
கம்பளிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன்.
"எடுத்து வரவும் மாட்ட, விக்கவும் மாட்ட,
பொறகு என்னாத்துக்குத் தேடுற?"
போர்வைக்குள்ளிருந்து கேட்டாள் நாத்தனார் ஞானசெல்வி.
அதற்கு என்னிடம் பதில் இருந்ததே இல்லை.

பட்டிப்பொல ரயில் பாதை தாண்டினால்
பன்னிரண்டாம் நம்பர் மலை.
உறைபனி பட்ட கொழுந்துகள்
சூட்டுப்பெட்டி வைத்தது போல் கருகி நின்றன.
அதற்கு மேலே டர்பன்டைன் மரங்கள்,
மானாப் புல்,
பிறகு அரசாங்கம் நட்ட கல்.
கல்லுக்கு அந்தப்பக்கம் விழுந்ததைத் தொடக் கூடாது.
இந்தப்பக்கம் விழுந்ததையும்தான்
என்கிறார் வனசீவி ஆபீஸ் விமலசூரிய.
மூக்குக்கு மட்டும் இன்னும் சட்டம் வரவில்லை.

பீலி முன்பு சவரியப்பனின் வேட்டைக் கூட்டத்தில் இருந்தவள்.
மரையை வளைத்துவிட்டு
கடிக்காமல் நின்றாளாம்.
பின்னங்காலில் கத்திப் பிடியால் அடித்து
தண்ணீர்ப் பீலிக்குக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள்.
குடம் நிறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.
குடத்தை அங்கேயே வைத்துவிட்டு
அவளைத் தூக்கி வந்தேன்.

பங்களாச் சுவரிலிருந்து விழுந்து உடைந்த கொம்பில்
விரல் நீளத் துண்டொன்றை
குசினிக்கார அந்தோனிப்பிள்ளை குப்பையில் போட்டிருந்தார்.
அதைச் சாக்கில் ஒளித்தேன்,
கவ்வாத்து வெட்டிய மிலாருக்குள் ஒளித்தேன்,
ஒருநாள் என் செருப்புக்குள்.
எடுத்த போதெல்லாம் ஒரு துண்டு ரொட்டி.
செருப்பைத்தான் கிழித்துவிட்டாள்.

இன்றைக்கு முதலில் கண்டது நான்.
"பீலி, இந்தா!" என்று ஓடினேன்.
டர்பன்டைன் கிளை.
இன்னொன்று கண்டேன். அதுவும் கிளை.
மூன்றாவது முறை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு வெயில் ஏறி
புல்லில் பனி உருகத் தொடங்கியபோது
அவளுடைய வால் நின்றது.
வெளுத்ததோ முள்ளம்பன்றி கொறித்ததோ அல்ல.
மூன்று கிளை, முழுசு.
இரண்டு கிலோ அரிசிப் பையின் கனம்.
அடிவட்டத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை.

போன மாதம் அரைப்பேர் போட்டதைக் கேட்டதற்கு
"ஒனக்கென்னா கொம்பா மொளைச்சிருக்கு?" என்றார் கணக்கப்பிள்ளை.
சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை.
தூக்கி
தலையின் வலப்பக்கம் வைத்துப் பார்த்தேன்.
கழுத்து சாய்ந்துவிட்டது.

பீலி உறுமவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது.
என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துச் சிரித்தேன்.
அவள் பார்த்தது என்னைத் தாண்டி.
திரும்பினேன்.
கல்லுக்குப் பக்கத்தில், மூச்சில் ஆவி பறக்க,
மரை.
இடப்பக்கம் மட்டும் கொம்பு.
அதன் கழுத்தும் சாய்ந்திருந்தது.
முகம் கழுவும்போது கண்ணாடியில்
வேறு யாரையோ பார்த்தது போல
நின்றோம் இரண்டு பேரும்.
எவ்வளவு நேரம் என்று பீலிக்குத்தான் தெரியும்.

பிறகு அது
மிச்சக் கொம்பை மரத்தில் ஒருதரம் மோதியது.
மொட்டைச் சத்தம். விழவில்லை.
கல்லைத் தாண்டி மேலே ஏறிப் போயிற்று,
அவசரமில்லாமல்.
பீலி கல்வரைக்கும் போனாள்.
முன்னங்காலை உயர்த்திக்கொண்டு நின்றாள்.
"போதும்" என்றேன்.
நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

கொம்பு கிடந்த இடத்தில்
புல் அமுங்கிய தடம் அப்படியே இருந்தது.
ஒவ்வொரு கிளையாய்ப் பார்த்து
அதனதன் குழியில் வைத்தேன்.
ரொட்டியில் பெரிய பாதி அவளுக்கு.

அன்றிரவு என் விரல்களை
ஒன்றொன்றாக நக்கிவிட்டுத் தூங்கினாள்.
திங்கள் காலை பிரட்டுக் களத்தில்
பேர் கூப்பிட்டதும் கை தூக்கினேன்.
துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு
"என்னா வாடை இது?" என்றார் கணக்கப்பிள்ளை.
கையை
கொஞ்சம் அதிகநேரம் தூக்கியபடியே வைத்திருந்தேன்.