பத்து லாரிக்கு மூன்று

பத்து லாரிக்கு மூன்று காந்தம் என்றாள் சியாலா.
லாரி என்றால் இந்த ஊரில் காசு.
எனக்கோ மணல் லாரியும் தண்ணீர் லாரியுமாகப் பத்து,
பாலத்தின் மேல் ஹாரன் அடித்து நின்றன.
சிரித்துவிட்டேன்.
விலையைக் கேட்டுச் சிரிக்கிறேன் என்று நினைத்து
கால்குலேட்டரை எடுத்துவிட்டாள் அவள்.

திபிலிசியில் ஞாயிறு காலை.
உலர்ந்த பாலம் என்று பெயர். அடியில் ஆறில்லை, கார்கள்.
நடைபாதைப் போர்வைகளில்
சோவியத் பதக்கங்கள், கொம்புக் கோப்பைகள்,
ஒரு வாயு முகமூடி,
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்த வெள்ளிக் கரண்டிகள்
டஜனுக்கு ஒன்று குறைய.
கயிற்றில் தொங்கியதை மெழுகுவர்த்தி என்று முகர்ந்தேன்;
திராட்சைப் பாகில் தோய்த்த அக்ரூட் சரம்.
முகர்ந்த குற்றத்துக்கு ஒன்று வாங்கினேன்.

கையில் போர்டிங் பாஸ், அதன் முதுகில் பட்டியல்:
தில்லைநாயகி மேடம் (கண்டிப்பாக)
லீவில் கையெழுத்திட்ட சாரங்கன் சார்
லிஃப்ட் ஞானப்பிரகாசம்
வாயால் கேட்காத கேன்டீன் பையன்
இன்னும் ஏழு பேர்.
பதினொன்றை மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு.
அந்த இரண்டுக்காகத்தான் இத்தனை பேரம்.

முப்பத்தெட்டு அடித்தாள்.
முப்பத்தைந்து அடித்தேன்.
முப்பத்தேழில் முடிந்திருக்க வேண்டியது.
அவள் கால்குலேட்டரில் ஏழு அழுந்தாது.
இரண்டு தரம் குத்திப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்,
முப்பத்தாறு.
ஒரு லாரி லாபம் என்று
உள்ளுக்குள் நான் நடனமாடியது உண்மை.

செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள்:
தேவாலயம், தேவாலயம், கொழுக்கட்டை மாதிரி ஒன்று,
குளியல் மண்டபம், மறுபடி தேவாலயம்.
தாளில் அவர்கள் எழுத்து உருண்டு உருண்டு போனது.
ஜிலேபி என்று வாய் வரை வந்தது.
எங்கள் எழுத்தைப் பார்த்தும் இதைத்தானே சொல்கிறார்கள்,
விழுங்கிவிட்டேன்.

சும்மா கேட்டேன்:
உங்கள் ஊர்ப் படம் போட்டது இருக்கிறதா?

பதக்கம் விற்கும் கோச்சா மொழிபெயர்த்தான்.
அவள் ஊர் சுகுமியாம், கடலோரம்.
தொண்ணூற்று மூன்றில், ஒரு பையோடு.
போக முடியாத ஊருக்கு யார் காந்தம் செய்வார்கள் என்றான்,
பதக்கத்தைத் துடைத்துக்கொண்டே.

வீடு இருக்கிறது.
மகனின் போனில், வானத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.
யாரோ கூரை மாற்றியிருக்கிறார்கள், சிவப்புத் தகடு.
நல்ல தகடுதான் என்றாள். ஒழுகாது.

எந்த வீடு என்று காட்டவா,
எதற்கென்று தெரியவில்லை,
கதவு எண்ணை அடிக்கப் போனாள் கால்குலேட்டரில்.
இரண்டு விழுந்தது.
அடுத்தது வரவில்லை.
அழுத்தினாள், மேஜையில் தட்டி அழுத்தினாள்,
பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஒரு கையை முழுதாக விரித்து
மறு கையில் இரண்டு விரல் நீட்டினாள்.

ஏழு.

விரல்கள் அப்போதும் இருந்தன அவளுக்கு,
முப்பத்தாறு என்று எனக்கு விட்டுக்கொடுத்தபோதும்.

ஒரு லாரியைத் திருப்பித் தரலாமா?
எப்படித் தருவது, என்னவென்று சொல்லி?
கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன்.
அவள் அதற்குள்
ஒரு ஜெர்மன்காரரின் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி காந்தம் காட்டிக்கொண்டிருந்தாள்.

மூலையில் நீலமாக ஒன்று.
சுகுமியா?
பத்துமி, என்றான் கோச்சா. அதே கடல்.
நான்கு லாரி. கொடுத்தேன்.
இலவசமாக எதையும் மேலே போடவில்லை அவள்.
போடுவாள் என்று
ஒரு நொடி நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுதியின் குளிர்பெட்டியில் ஒட்டிப் பார்த்தேன்.
மட்டமான காந்தம்.
பட்டியலைப் பிடித்துக்கொண்டு
மெல்ல, மிக மெல்ல, கீழே வழுகுகிறது கடல்.
பதினொரு பேரும் அதன் மேலே தெரிகிறார்கள்.
பன்னிரண்டாவதாக யார் பெயரை எழுதுவது,
பேனாவை மூடி வைத்துவிட்டுத்
தூங்கப் போனேன்.