நாற்பது பேர் கொள்ளும் உலகம்

பதின்மூன்று மொழிகளில் நன்றி சொல்லியிருந்தார்கள்.
தமிழ் அதில் இல்லை.
மூடும் நேரம் அவர்களுக்கு நள்ளிரவு,
புரசைவாக்கத்தில் விடிகாலை ஐந்தரை.

பதினோரு வருஷம்.
பகலெல்லாம் கண்ணாடிக் கடையில்
மைனஸ் இரண்டே காலைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவேன்.
ராத்திரி அங்கே போய்க் காயம் ஆற்றுவேன்.
அங்கே என் பெயர் மருதோன்றி.

கடைசி நாள் கல்பாலத்தில் கூட்டம்.
ஒருவர் உடம்புக்குள் ஒருவர் புகுந்து நின்றோம்,
ரங்கநாதன் தெருவில்கூட அது நடக்காது.
யாரோ பட்டாசு விட்டார்கள்.
யாரோ சேர்த்த தங்கத்தையெல்லாம் ஆற்றில் கொட்ட
தங்கம் மிதந்தது.
அந்தப் பிழையை அவர்கள் கடைசிவரை சரிசெய்யவில்லை.

எண்ணூர் வில்லாளி
தன் நிஜப்பெயர் ரெஜினா என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.
"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்"
என்றுவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினாள்.
மூன்று புள்ளிகள் துள்ளின.
கீழே ஆவின் வண்டியிலிருந்து ட்ரேக்களை இறக்கும் சத்தம்.
திரை கறுத்தது.
அதில் ட்யூப்லைட்டும் என் மூக்கும்.

ரெண்டு மாசம் எதற்குள்ளும் நுழையவில்லை.
டிராகன் படம் போட்டுப் பெரிய உலகங்கள் கூப்பிட்டன,
முதல் வாரம் குதிரை இலவசமாம்.
போகலாம்.
எங்கேயோ ஒரு ஏசி அறையில்
யாரோ கணக்குத் தாளில் கோடு கிழிக்கும்வரை
குதிரை ஓட்டலாம்.

அப்புறம்தான் தியோடர்.
பெரம்பூர் லோகோ பக்கம் மாடிப்படிக்குக் கீழே
ஒரு பழைய சிபியு,
ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய ஹார்ட் டிஸ்க்,
அதற்குள் ஓர் ஊர், ஒரு காடு, ஒரு கிணறு.
நாற்பது பேருக்கு மேல் ஏறினால் மூச்சு வாங்கும்.
மரம் என்றால் ஆறு பச்சைக் கட்டம்,
நாம்தான் மரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.
ஓநாய்கள் மொத்தம் பன்னிரண்டு.
காலையிலேயே கொன்று தீர்த்தால்
வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மிச்சமிருக்காது என்று
நாலைந்தை விட்டுவைக்கிறோம்.
கடைக்காரன், "இன்னா வேணும், சில்லறையா குடு" என்பான்.
எழுதியது தியோடரின் தங்கச்சி.

பெரம்பூரில் கரண்ட் போனால்
அங்கே சூரியன் போகும்.
யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும்.
அதற்குள் ஊர் மொத்தமும் கிணற்றடிக்கு ஓடி வரும்,
காட்டில் மாட்டினால் கண் திறக்கும்போது
எதிரில் ஓநாய்.
யார் வரவில்லை என்று எண்ணுவோம்.
எண்ணிவிட முடிகிறது.

ஈபி பில்லைப் படமெடுத்துப் போட்டான் ஒருமுறை.
அம்மாவின் ஃபிரிட்ஜ், தங்கச்சியின் ஃபேன்,
உலகம், எல்லாம் ஒரே மீட்டரில்.
எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாமல்
தலைக்கு எழுபது ரூபாய் என்று போட்டோம்.

டிசம்பர் மழையில் ஒரு ராத்திரி
குழுவில் அவன் செய்தி:
"தண்ணி படி ஏறுது.
உலகத்த மாடிக்குத் தூக்கிட்டுப் போறேன்."
அதோடு ஐந்து நாள் இருட்டு.

ஆறாம் நாள் போனேன்.
தூக்கும்போது கண்ணாடி விழுந்து உடைந்ததாம்,
புதுசு நான்தான் தேய்த்து எடுத்துப் போனேன்.
மைனஸ் நாலரை.
படைத்தவனுக்கு இத்தனை கிட்டப்பார்வை என்று
எனக்கு அதுவரை தெரியாது.
மொட்டைமாடிக் கொடியில்
துணிகளோடு கேபிள்களும் காய்ந்தன.
"இதையும் ஒரு நாள் மூடுவியா?" என்றேன்.
புதுக் கண்ணாடியை மாட்டி
முதலில் என்னை, பிறகு டிஸ்கைப் பார்த்தான்.
"அத்தக் கேளு."

அன்று ராத்திரி உள்ளே போனேன்.
கிணற்றடியில் பதினேழு பேர்.
வில்லோடு யாராவது இருக்கிறார்களா என்று
பழக்கத்தில் பார்த்தேன்.
காட்டின் வடக்கு மூலையில் நாலு மரம் காணோம்,
அந்த இடத்தில் வெறும் கறுப்பு.
யாரும் அவனிடம் சொல்லவில்லை.
சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டோம்.

ஓநாய்கள் பதினொன்று.
ரெண்டு தடவை எண்ணினேன்.