பிற

ஒரு மில்லி கடல்.
கண்ணாடித் தகட்டில் ஆயிரம் கட்டங்கள்.
ஒரு கண் நுண்ணோக்கியில்,
கட்டைவிரல் எண்ணும் பொத்தானில்.
வேதாளை விலக்கில் இறங்கி நடந்தால்
ஆறு நிமிடத்தில் என் மேசை.
மாதச் சம்பளம் பதினாலாயிரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்.

சித்திரைத் துளியில் முப்பத்தொரு வகை இருந்தன.
தாளில் லத்தீன் பெயர் எழுதுவேன்.
வாய்க்குள் நான் வைத்த பெயர்கள் வேறு:
சல்லடை, தையலூசி, முக்கொம்பன்,
மயிர் சிலிர்க்கக் கைகோத்து வரும் ரயில்வண்டி,
படகைப் பார்க்காமலே படகாய்ப் பிறந்த ஒன்று.
பாதிக்கு மேல் கண்ணாடிச் சட்டை போட்டவை.
வெயிலைத் தின்று
சூடைக்கும் காரலுக்கும் சோறானவை.
"என்னம்மா தெரியுது?" என்பார் படகோட்டி அசனார்.
"சந்தைக் கூட்டம்" என்பேன்.

ஆவணியில் இறால் பண்ணை மதகைத் திறந்தார்கள்.
அதற்கும் முன்பே ஊர்ச் சாக்கடை
கேட்காமல் வந்துகொண்டுதான் இருந்தது.
கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டு
இரண்டு பாகம் வரை தெரியும்,
அன்று முழங்கை ஆழத்தில் மறைந்தது.
நைட்ரேட், பாஸ்பேட் என்று எழுதினேன்.
"தீனி" என்றார் அசனார்.
அவர் சொன்னதுதான் சரி.
தீனி கொட்டினால் எல்லாரும் வருவதில்லை,
முண்டுகிறவன் வருவான்.

கச்சான் ஓய்ந்த பத்தாம் நாள்
தென்கடல் பச்சையாய்த் திரண்டது.
சாயப்பட்டறைப் பச்சை.
துடுப்பை எடுத்தால் வழவழவென்று ஒழுகும் பச்சை.
பூங்கோரை என்றார்கள்.
பெயரில் பூ இருந்ததால்
முதல் நாள் யாரும் முகம் சுளிக்கவில்லை.

இரவில் அலை உடைந்த இடமெல்லாம் நீலம்.
ராமநாதபுரத்திலிருந்து கார்கள் வந்தன.
தண்ணீரை உதைத்து உதைத்துப் படம் எடுத்தார்கள்.
மறைப்பானேன்,
நானும் கையை விட்டு அளைந்தேன்.
விரலிடுக்கில் நட்சத்திரம் வடிந்தது.
அம்மோனியா எவ்வளவு என்று
அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

காலையில் ஓரா மீன்கள் மல்லாந்து ஒதுங்கின.
செவுளைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு.
ஓடத் தெரிந்தவை ஆழத்துக்கு ஓடியிருக்கும்.
அசனார் போட்டிருந்த கூடுகளில்
நுழைந்தவை எங்கே ஓடும்?
பதினாறு கூட்டையும் இழுத்துக் கவிழ்த்தார்.
"திங்கலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
அப்புறம் ஏன் நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய்
என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

தகடு முழுக்க ஒரே வட்டம்.
வட்டத்துக்கு ஒரு வால்.
வயிற்றில் பச்சைப் பசேலென்று குடிவைத்த ஆட்கள்,
அவர்களுக்கு நடுவே, பாதி கரைந்து,
என் சல்லடை.

மாலையில் சார் போன் செய்தார்.
"மொத்த எண்ணிக்கை கூடித்தானே இருக்கு?"
"கூடியிருக்கு சார்.
ஒரே பேரை எழுதி நிரப்பின
வாக்காளர் பட்டியல் மாதிரி கூடியிருக்கு."
அவர் சிரிக்கவில்லை.
அட்டவணையை அனுப்பச் சொன்னார்.
அதன் கடைசி வரி 'பிற'.
முதல் தடவையாக அங்கே பூஜ்யம் போட்டேன்.

ஐப்பசி மழை நான்கு நாள்.
உப்பு இறங்கியது, பச்சை கலைந்தது.
கலைந்தது மழையாலா, தின்ன எதுவும் மிஞ்சாததாலா,
ஒரு துளியை வைத்துச் சொல்ல முடியாது.
மதகுக் கதவுக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள்,
போகும் வழியில் பார்த்தேன்.

இன்றைய துளியில் ஒன்பது வகை.
தையலூசி வந்துவிட்டது. ரயிலில் இரண்டே பெட்டி.
அறுநூற்று நாற்பதாம் கட்டத்தில்
மடித்த வெற்றிலைபோல் ஒன்று அசையாமல் கிடந்தது.
புத்தகத்தில் தேடினேன், இல்லை.
"அது பேரென்ன?" அசனார் கேட்டார்.
பென்சிலைச் சீவி
'பிற' என்ற வரியில்
ஒன்று என்று எழுதினேன்.