ஹீட்டர் விளக்கு

விடியப்புறம் நாலே முக்கால்.
உப்புவெளிக் கடல் இருட்டுக்குள் புரண்டு படுக்கிறது.
சாவியை அரைவாசி திருப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.
சுருள்கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு.
அது நூருமுன் ஸ்ராட் பண்ணினால்
ஒழுங்கை முழுதையும் இருமி எழுப்பும்.
எட்டு வரை எண்ணுவேன்.
ஒரு நாளில் நான் ஒன்றும் செய்யாத விநாடிகள்
அந்த எட்டுத்தான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கரீனா.
வெள்ளை என்று புத்தகத்தில் இருக்கிறது.
குருநாகலில் வாங்கினபோது மீற்றரில்
ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம்.
"டொக்டர் ஒராள் ஓடினது" என்றார் தரகர்.
இந்த நாட்டில் பழைய கார் எல்லாவற்றையும்
யாரோ ஒரு டொக்டர்தான் ஓடியிருக்கிறார்.
நஸ்மீர் ஓயில் குச்சியை இழுத்து மணந்து பார்த்து
"அக்கா, இது சந்திரனுக்குப் போயிட்டு
திரும்பி வந்துகொண்டிருக்கு" என்றான்.
வளையல் நாலும் அப்போது வங்கியில் இருந்தன.
"பயப்பிடாதேங்கோ, எஞ்சின் நல்லம்.
டீசல் ஓடி ஓடிக் கெடாது,
நிண்டுதான் கெடும்."

இடமாற்றக் கடிதத்தில் வவுனியா என்று
ஒரே ஒரு சொல்.
றோட்டில் அது போகத் தொண்ணூற்றைந்து, வரத் தொண்ணூற்றைந்து.
முதல் பஸ் போய்ச் சேருகையில்
வரவேட்டில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

கன்னியாச் சந்தியில் மருத்துவமாது புவிராஜினி.
பன்குளத்தில் வங்கிக்காரர் ஃபர்ஹான்,
ஏறியதும் வாய் திறந்து நித்திரை.
மொறவெவவில் நீர்ப்பாசனத்து ரத்நாயக்க,
மடியில் ஒரு பை கத்தரிக்காய், யாருக்கென்று சொல்லமாட்டார்.
பின் இடப்பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது.
புதிதாய் ஏறுகிற எவரும் அந்தப் பொத்தானைத்தான் தொடுவார்.
பிறகு மழை வரும்.

லீற்றருக்குப் பதினாறு. ஏசி போட்டால் பதின்மூன்று.
கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன்.
மாதம் பிறந்தால் நாலு பேருக்கும் வெக்கை தாங்காது;
இருபதாம் திகதிக்குப் பிறகு
எல்லோருக்கும் இயற்கைக் காற்றுத்தான் பிடிக்கும்.
வரிசைக் காலத்தில் மூன்று இரவு
எண்ணெய்ச் செட்டுக்கு வெளியே
பின்சீற்றில் முழங்கால் மடக்கிப் படுத்தேன்.
முன்னால் நின்றவர் செத்துப்போனார் என்று வதந்தி வந்தது.
அவர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.

ஒரு பின்னேரம், ஹொரவப்பொத்தானை தாண்டி,
றோட்டுக்குக் குறுக்கே யானை.
"லைற்றை நூருங்க" என்றார் ரத்நாயக்க, தமிழில்.
நூர்த்தேன்.
எஞ்சினை நிப்பாட்டச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.
நிப்பாட்டினால் தள்ளவேண்டும்,
யானைக்கு முன்னால் இறங்கித் தள்ளுவது யார்?
தடதடவென்று நாங்கள் ஐந்து பேரும்,
காரையும் சேர்த்துத்தான், நடுங்கிக்கொண்டிருந்தோம்.
அது தன் பாட்டில் ஒரு கிளையை முறித்துத் தின்று முடித்தது.
ஃபர்ஹான் எழும்பவே இல்லை.

நாலு வருடம் கழித்து இரங்கினார்கள்.
திருகோணமலைக் கச்சேரி. வீட்டிலிருந்து நாலு கிலோமீற்றர்.
நல்ல செய்தி என்று எல்லோரும் சொன்னார்கள்,
நானும் சொன்னேன்.
சூட்டு முள்ளு அசையுமுன் அலுவலக வாசல் வந்துவிடுகிறது.
புகைச் சோதனையில் பெயில்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
சைக்கிள்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்.
நஸ்மீர் மட்டும் கவலையாய்ப் பார்த்தான்:
"கிட்ட ஓட்டம் இதுக்கு நஞ்சு, அக்கா."
வாங்க வந்த பெடியன் எத்தனை ஓடியது என்று கேட்டான்.
மீற்றரைக் காட்டினேன்.
டொக்டர் என்று சொல்ல வாய் வரவில்லை.
விலையைக் கூட்டிச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இன்று சனி.
பாண் வாங்கப் போவதாய்ச் சொல்லி இறங்கினேன்.
எட்டு வரை எண்ணினேன்.
பாண் கடை போனது, அபயபுர போனது.
கன்னியாச் சந்தியில் சத்தம் மாறியது,
தொண்டை தெளிந்த ஆள் மாதிரி.
முள்ளு நடுவில் வந்து நின்றது.

அங்கே பஸ்ஸுக்கு நின்ற புவிராஜினி
எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை.
கதவைத் திறந்து பின்னால் ஏறினாள்,
ஆறு மாதத்தில் மறந்திருக்கவேண்டும்,
அந்தப் பொத்தானைத் தொட்டாள்.

பன்குளப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.